ஏஐ படத்தைப் பார்க்குது, 60 நாளை யார் பார்க்குறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கோம்.)

வழக்கமா ஹெட்போன் போட்டுக் கேளுங்கன்னு சொல்வோம். இன்னைக்கு உல்டா. முடிஞ்சா ஸ்பீக்கர்ல போடுங்க. அம்மா, சித்தி, அக்கா யாராவது பக்கத்துல உட்கார்ந்து காய் நறுக்கிட்டு இருந்தா இன்னும் நல்லது. மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கிற தொழில்நுட்பம் இப்போ எங்க வந்து நிக்குது, அது நம்ம வீட்டுப் பெண்களுக்கு எவ்வளவு தூரம் எட்டுது, இதைத்தான் பேசப் போறோம்.

பசங்க யாராவது "இது லேடீஸ் மேட்டர்"னு அடுத்த எபிசோடுக்குத் தாவுறீங்கன்னா, ஒரு நிமிஷம். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறவங்க, ரிப்போர்ட்டை வாங்கிப் படிக்கிறவங்க, "வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வர்றோம் டாக்டர்"னு சொல்றவங்க பெரும்பாலும் நீங்கதான். அதனால இருங்க.

முதல்ல ஒரு கணக்கு. உலகப் புற்றுநோய்ப் பதிவான குளோபோகான் 2022 மதிப்பீட்டின்படி, இந்தியாவுல அந்த ஒரு வருஷத்துல ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதுசா மார்பகப் புற்றுநோய். அதே வருஷம் அதனால இறந்தவங்க சுமார் 98,000 பேர். இரண்டு பேருக்கு ஒருத்தர்ங்கிற மாதிரி வருது. அமெரிக்காவுல இதே கணக்கைப் போட்டா ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருத்தர். அங்க இருக்குற கட்டியும் இங்க இருக்குற கட்டியும் வேற வேற ஜாதி கிடையாது. முக்கியமான காரணம், அங்க அது சின்னதா இருக்கும்போதே பிடிபடுது. நம்ம ஊர்ல பெருசாகி, அக்குள் வரைக்கும் பரவின பிறகு வர்றாங்க.

சரி, சீக்கிரம் பிடிக்கணும். அதுக்குத்தான் ஏஐ வந்துடுச்சேன்னு கேப்பீங்க. உங்க இன்ஸ்டா ஃபீட்ல கண்டிப்பா வந்திருக்கும், "டாக்டரை விட ஏஐ நல்லா கண்டுபிடிக்குது"ன்னு. அந்தச் செய்திகள்ல பாதிக்குப் பின்னாடி ஒரே ஒரு ஆய்வு இருக்கு. அதைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம், ஏன்னா அது நிஜமாவே நல்ல ஆய்வு.

பேரு மசாய். இடம், ஸ்வீடன் நாட்டின் தெற்கு முனையில இருக்குற மால்மோ, லுண்ட் பக்கம். 2021 ஏப்ரல்ல இருந்து 2022 டிசம்பர் வரைக்கும் 1,05,000-க்கும் அதிகமான பெண்களைச் சேர்த்தாங்க. தலைமை தாங்கினவர் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் கிறிஸ்டினா லாங். ஸ்வீடன்ல ஒரு பழக்கம் இருக்கு. ஒரு பெண்ணோட மேமோகிராம் படத்தை ரெண்டு ரேடியாலஜிஸ்ட் தனித்தனியா பார்க்கணும். ஒருத்தர் கண்ணுக்குத் தப்பினது இன்னொருத்தர் கண்ணுல படும்ங்கிறதுக்காக. பாதுகாப்பான முறைதான். ஆனா வேலை ரெண்டு மடங்கு.

மசாய்ல என்ன பண்ணாங்கன்னா, பாதிப் பெண்களுக்குப் பழைய முறையையே வச்சாங்க. மீதிப் பாதிக்கு, படத்தை முதல்ல ஏஐ பார்த்து 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடும். 9 வரைக்கும்னா ஒரே ஒரு டாக்டர் பார்த்தா போதும். 10 வந்தா மட்டும் ரெண்டு பேர். சந்தேகமான இடத்துல ஏஐ ஒரு குறியும் போட்டுக் கொடுக்கும். கடைசி முடிவு எப்பவும் டாக்டரோடதுதான்.

முடிவு என்ன? பழைய முறையில 262 பேருக்குப் புற்றுநோய் கண்டுபிடிச்சாங்க. ஏஐ துணையோட 338 பேருக்கு. கிட்டத்தட்ட 29 சதவீதம் அதிகம். படம் பார்க்குற வேலைப்பளு 44 சதவீதம் குறைஞ்சுது. வீணா பயமுறுத்தித் திரும்பக் கூப்பிட்டது பெருசா கூடலை. ஜெர்மனியிலயும் நாலரை லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வச்சு ஒரு பெரிய ஆய்வு 2025 ஜனவரியில வெளியாச்சு. அங்கயும் இதே திசைதான், 17.6 சதவீதம் அதிகம். ஆக, இது விளம்பரம் இல்ல, உண்மையான முன்னேற்றம்.

இப்போ, இந்த ஆய்வுல தலைப்புச் செய்தி ஆகாத ஒரு விஷயத்தைச் சொல்றேன். ஸ்வீடன்ல 40 வயசுல இருந்து 74 வயசு வரைக்கும் இருக்குற எல்லாப் பெண்களுக்கும் வீட்டுக்குக் கடிதம் வரும். ஒன்றரை வருஷத்துல இருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அந்தக் கடிதத்துலயே தேதி, நேரம், இடம் எல்லாம் ஏற்கெனவே பதிவு பண்ணியிருக்கும். நீங்க போன் பண்ண வேண்டாம், டோக்கன் வாங்க வேண்டாம். கட்டணமும் கிடையாது. சந்தேகம்னு வந்தா அடுத்த கட்ட சோதனைக்கும் அவங்களே கூப்பிடுவாங்க. அங்க தட்டுப்பாடு ஒண்ணே ஒண்ணு, படம் பார்க்குற டாக்டரோட நேரம். ஏஐ அந்த அடைப்பைத்தான் எடுத்துவிட்டுச்சு.

குழாய்ல தண்ணி வரலைன்னா அடைப்பு எங்க இருக்குன்னு பார்த்துத்தானே எடுக்கணும்? நம்ம ஊர்ல அடைப்பு எங்க இருக்கு?

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல, அதாவது 2019-21ல எடுத்த ஐந்தாவது சுற்றுல, 30 முதல் 49 வயசுப் பெண்கள்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க: மார்பகப் புற்றுநோய்க்காக உங்களை எப்பவாவது பரிசோதனை பண்ணியிருக்காங்களா? மேமோகிராம் கூட இல்ல, வெறும் கைப் பரிசோதனை போதும். வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை போதும். இந்தியா முழுக்க ஆமான்னு சொன்னவங்க 100-க்கு 1 பேர் கூட இல்ல, 0.9 சதவீதம். தமிழ்நாடு 5.6. "பரவாயில்லையே, நாம ஆறு மடங்கு முன்னாடி"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கலாம். இல்ல, 100-ல 94 பேரை யாரும் தொட்டே பார்க்கலைன்னும் படிக்கலாம். நான் ரெண்டாவது மாதிரிதான் படிக்கிறேன்.

படமே எடுக்காத பெண்ணோட படத்தை எந்த ஏஐ பார்க்கும்?

அப்போ எல்லாருக்கும் மேமோகிராம் எடுத்துடலாமேன்னா, அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. மேற்கு நாடுகளோட ஒப்பிட்டா நம்ம பெண்களுக்கு இந்த நோய் சுமார் பத்து வருஷம் முன்னாடியே வருது. நாற்பதுகள்ல நிறையப் பேர். இளம் வயசுல மார்பகத்துல கொழுப்பை விட சுரப்பித் திசு அதிகம். மேமோகிராம்ல கொழுப்பு கருப்பா தெரியும், சுரப்பித் திசு வெள்ளையா தெரியும். புற்றுக்கட்டியும் வெள்ளை. மல்லிப்பூக் கூடைக்குள்ள ஒரு முத்து கம்மலைத் தொலைச்சுட்டுத் தேடுற மாதிரி. இதுக்கு அடர்த்தியான மார்பகம்னு பேர். நோய் கிடையாது, உடம்பு வாகு, அவ்வளவுதான்.

இந்த விஷயத்துல ஒரு அமெரிக்கப் பெண்ணைப் பத்திச் சொல்லியே ஆகணும். நான்சி கப்பெல்லோ, கனெக்டிகட் மாநிலம். வருஷம் தவறாம மேமோகிராம் எடுத்தவங்க. 2004-ல "எல்லாம் நார்மல்"னு ரிப்போர்ட் வந்து சில வாரத்துலயே கட்டி தெரிஞ்சு, மூன்றாம் நிலைப் புற்றுநோய்னு உறுதியாச்சு. அவங்களுக்கு அடர்த்தியான மார்பகம்ங்கிறது டாக்டர்களுக்குத் தெரியும், ஆனா அவங்ககிட்ட யாரும் சொல்லலை. "என் உடம்பைப் பத்தின தகவலை என்கிட்ட ஏன் மறைக்கணும்?"ங்கிறதுதான் அவங்க கிளப்பின கேள்வி. அதை வச்சு அவங்க நடத்தின போராட்டத்தால 2009-ல கனெக்டிகட்ல முதல் சட்டம் வந்துச்சு. அவங்க 2018-ல இறந்துட்டாங்க. 2024 செப்டம்பர் 10-ல இருந்து அமெரிக்கா முழுக்க, மேமோகிராம் எடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அடர்த்தி எப்படின்னு எழுத்துல சொல்லணும்ங்கிறது கட்டாயம் ஆச்சு. ஒரு நோயாளி கேட்ட கேள்வி இவ்வளவு தூரம் போயிருக்கு.

அடர்த்தியான மார்பகத்துக்கு அல்ட்ராசவுண்ட் நல்ல துணை. கதிர்வீச்சு கிடையாது, விலையும் குறைவு, கையில தூக்கிட்டுப் போற அளவுக்குச் சின்னக் கருவிகளும் வந்துடுச்சு. அப்போ வேன்ல வச்சு ஊர் ஊரா போகலாமேன்னு தோணும். இங்கதான் நம்ம நாட்டுக்கே உரிய ஒரு முடிச்சு. கருவுல இருக்குறது ஆணா பெண்ணான்னு பார்க்கக் கூடாதுன்னு 1994-ல வந்த சட்டப்படி, அதைப் பார்க்கக்கூடிய அல்ட்ராசவுண்ட் கருவி எல்லாமே பதிவு பண்ணின இடத்துலதான் இருக்கணும். தூக்கிட்டுப் போற கருவிக்குக் கடுமையான கட்டுப்பாடு. அந்தச் சட்டம் ஏன் வந்துச்சுன்னு, பெண் சிசுக்கொலைச் செய்தியைக் கேட்டு வளர்ந்த மாநிலத்துக்காரங்க நமக்குத் தெரியும். சட்டத்தைக் குறை சொல்லலை. ஆனா ஒரு பெண்ணைப் பிறக்க விடுறதுக்காகப் போட்ட பூட்டு, நாற்பது வருஷம் கழிச்சு அவளோட கட்டியைத் தேடிப் போற வண்டியையும் சேர்த்துப் பூட்டுது. மார்பகத்துக்கு மட்டும்னு தனி வழி ஒண்ணைப் போட்டுக் கொடுக்க முடியாதாங்கிறது நியாயமான கேள்விதான்.

இதுக்கு நடுவுலதான் தெர்மல் கேமரா வருது. உடம்புல எங்க சூடு அதிகம்னு படம் எடுத்து, ஏஐ வச்சு அலசுறது. பெங்களூருவுல ஆரம்பிச்ச நிரமாய் நிறுவனம் இந்த வழியில போகுது. இதோட ஈர்ப்பு எனக்கு நல்லாவே புரியுது. அழுத்தம் கிடையாது, யாரும் தொட மாட்டாங்க, ஒரு தடுப்புக்குப் பின்னாடி தனியா உட்கார்ந்தா போதும். "ஆம்பள டாக்டர் முன்னாடி சட்டையைக் கழட்டணுமா"ன்னே போகாம இருக்குற அம்மாக்களுக்கு இது பெரிய விஷயம். ஆனா அமெரிக்க எஃப்.டி.ஏ. திரும்பத் திரும்பச் சொல்றது: வெப்பப் படம் மேமோகிராமுக்கு மாற்று கிடையாது, கூட வச்சுக்கலாம், அவ்வளவுதான். அதனால அபார்ட்மெண்ட் கேம்ப்லயோ ஆபீஸ் கேம்ப்லயோ எடுத்துட்டு "பச்சை வந்துடுச்சு, இனி கவலை இல்ல"ன்னு இருந்துடாதீங்க. முக்கியமா, ஏற்கெனவே கையில ஒரு கட்டி தட்டுப்படுதுன்னா கேம்ப் ரிப்போர்ட் எந்தக் கலர்ல இருந்தாலும் டாக்டரைப் பார்க்கணும்.

சரி, கேமராவை விடுங்க. கைக்கு வருவோம்.

மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 1998-ல ஒரு வேலை ஆரம்பிச்சுது. மும்பை குடிசைப் பகுதிகள்ல 35 முதல் 64 வயசு வரைக்கும் 1,51,538 பெண்கள். ரெண்டு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு, பயிற்சி கொடுத்த பெண் சுகாதாரப் பணியாளர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையால மார்பகப் பரிசோதனை. டாக்டர் கிடையாது, மிஷின் கிடையாது. இன்னொரு குழுவுக்கு விழிப்புணர்வு மட்டும். இப்படி 20 வருஷம் தொடர்ந்து பார்த்து, 2021-ல பி.எம்.ஜே. இதழ்ல முடிவை வெளியிட்டாங்க. பரிசோதனைக் குழுவுல, முற்றின நிலையில வந்தவங்க 37 சதவீதம். மற்ற குழுவுல 47. ஐம்பது வயசுக்கு மேல இருந்தவங்கள்ல இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சுது. வெறும் கை!

இதை அப்படியே தூக்கிக் கொண்டாடவும் முடியாது. ஐம்பதுக்குக் கீழ இருந்தவங்களுக்கு இறப்பு குறைஞ்சதா தெரியலை. எல்லா வயசையும் சேர்த்துப் பார்த்தா கிடைச்ச 15 சதவீதக் குறைவும், தற்செயலா இருக்கலாம்னு சொல்ற அளவுக்குத்தான் இருந்துச்சு. ஆனாலும் அரசு வழிகாட்டுதல் கையைத்தான் நம்பியிருக்கு. 2016-ல வெளியான தேசிய வரைமுறைப்படி 30 முதல் 65 வயசு வரைக்கும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கைப் பரிசோதனை. மேமோகிராம், சந்தேகம் வந்த பிறகு.

கைன்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. ஜெர்மனியில ஃபிராங்க் ஹாஃப்மன்னு ஒரு மகப்பேறு மருத்துவர், பார்வையில்லாத பெண்களுக்கு இந்தப் பரிசோதனையில பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சார். தினமும் விரலாலேயே உலகத்தைப் படிக்கிறவங்களுக்கு, சின்னக் கட்டியை உணர்றதுல ஒரு தேர்ச்சி இருக்கும்ல? பிரெயில் குறி போட்ட பட்டைகளை மார்புல ஒட்டி, சென்டிமீட்டர் சென்டிமீட்டரா, அரை மணி நேரத்துக்கு மேல பார்ப்பாங்க. இந்தப் பயிற்சி டெல்லிக்கும் வந்து, பார்வையற்ற பெண்கள் அங்க இந்த வேலையைப் பார்க்குறாங்க. நம்ம ஆஸ்பத்திரியில ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் யார் ஒதுக்குறாங்க? எனக்கு இது சாஃப்ட்வேரை விடப் பெரிய கண்டுபிடிப்பாத்தான் படுது. இது என் கருத்து, நீங்க சண்டைக்கு வரலாம்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். அந்த 60 நாள்.

உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோய்க்காக 2021-ல ஒரு முன்னெடுப்பைத் தொடங்குச்சு. அதுல மூணு எண்கள்: 60, 60, 80. முதல் 60: நோய் வந்தவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல ஒன்று, இரண்டாம் நிலையிலேயே கண்டுபிடிக்கணும். கடைசி 80: 80 சதவீதம் பேர் சிகிச்சையை முழுசா முடிக்கணும். நடுவுல இருக்குற 60, நாள் கணக்கு. ஒரு பெண் "இங்க ஏதோ இருக்கு"ன்னு முதல் தடவை மருத்துவ இடத்துக்கு வந்த நாள்ல இருந்து, அது என்னன்னு உறுதியா சொல்றதுக்குள்ள 60 நாள் தாண்டக் கூடாது.

எனக்கு இந்த மூணுல நடு எண்தான் முக்கியம்னு தோணுது. அதைப் பத்தி யாரும் ரீல்ஸ் போடுறது இல்ல.

ஒரு உதாரணம், கற்பனைதான். ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை பார்க்குற ஒரு அக்கா, வயசு 46. திருப்பத்தூர் மாவட்டம். 2023 நவம்பர்ல தமிழ்நாடு அரசு வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான ஒருங்கிணைந்த பரிசோதனையை முதல்ல நாலு மாவட்டத்துல ஆரம்பிச்சுது: ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர். வீடு தேடி அழைப்புச் சீட்டு. கிட்டத்தட்ட அந்த ஸ்வீடன் கடிதத்தோட தமிழ்நாட்டு வடிவம். 2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவம் போட்ட பாதை இதுக்கு உதவியா இருக்கு. நல்ல விஷயம், மனசாரப் பாராட்டலாம்.

அக்கா சீட்டை வாங்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போறாங்க. முதல் நாள் சம்பளம் கட். நர்ஸ் தொட்டுப் பார்த்து, "ஒரு கட்டி மாதிரி இருக்கும்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு எழுதிக் கொடுக்குறாங்க. அக்காவுக்கு வலி இல்ல. வலிக்காத கட்டிக்கு எதுக்கு லீவு? மாசக் கடைசி வரட்டும், பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும். இங்கேயே மூணு வாரம் போச்சு. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி, ஓ.பி. சீட்டு, சர்ஜன். "மேமோ, ஸ்கேன் எடுத்துட்டு வாங்க." அதுக்கு வேற தேதி. எடுத்த பிறகு ரிப்போர்ட் வாங்க இன்னொரு நாள். ரிப்போர்ட்டைக் காட்ட இன்னொரு நாள். "பயாப்சி எடுக்கணும், வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க." வீட்டுக்காரர் லோடு ஏத்திட்டு வெளியூர். வந்த பிறகு பக்கத்து வீட்டுல ஒருத்தர் சொல்வாங்க, "ஊசி குத்தினா பரவிடும், குத்த விடாதே." ஒரு வாரம் நாட்டு மருந்து. கடைசியா பயாப்சி, அப்புறம் அந்தத் திசுவை ஆய்வுக்கு அனுப்பி, எந்த வகைன்னு பார்க்குற ஹார்மோன், ஹெர்-2 சோதனை வரணும்.

இதுல எந்த இடத்துல ஏஐ உதவும்? படம் எடுத்ததுக்கும் ரிப்போர்ட் வர்றதுக்கும் நடுவுல உதவலாம். ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊர்ல அது சின்ன உதவியும் இல்ல. ஆனா அக்காவோட கணக்குல அது ரெண்டு மூணு நாள். மிச்சமெல்லாம் சம்பளம், பஸ், துணைக்கு ஆள், பயம், திரும்பத் திரும்ப வரச் சொல்றது. இதுல பலதைக் குறைக்க சாஃப்ட்வேரே தேவையில்ல. தொட்டுப் பார்க்குறது, படம் எடுக்குறது, ஊசி வைக்கிறது மூணையும் ஒரே நாள்ல ஒரே கட்டடத்துல முடிக்கிற ஒன்-ஸ்டாப் கிளினிக் முறை பல நாடுகள்ல பல வருஷமா இருக்கு. அழைப்புச் சீட்டு வாங்கின பெண் அடுத்த படிக்குப் போனாங்களான்னு போன் போட்டுக் கேட்குற ஒரு ஆள், ஒரு ரெஜிஸ்டர், அதுவும் தொழில்நுட்பம்தான். எத்தனை பேரைப் பரிசோதிச்சோம்னு அறிக்கை வரும். சந்தேகம் வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு 60 நாளுக்குள்ள பதில் கிடைச்சுதுங்கிற எண்ணையும் மாவட்டவாரியா போடணும். பத்திரிகைக்காரங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, அடுத்த பேட்டியில அந்த எண்ணைக் கேளுங்க.

தனியார்ல போனா ரெண்டே நாள்ல முடிஞ்சுடும்னு சொல்வீங்க. முடியும், காசு இருந்தா. சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்குற குடும்பங்களுக்கு. ஆனா நோய்னு உறுதியாகுற வரைக்கும் அலையுற அலைச்சலும், போற பஸ் காசும், போன சம்பளமும் யாரோட கணக்குலயும் வராது.

இப்போ நீங்க, உங்க வீடு. இருபதுகள்ல இருக்குற பெண்களுக்கு ஒண்ணு சொல்லணும். "விமன் வெல்னஸ் பேக்கேஜ்"னு 26 வயசுல மேமோகிராம் எடுக்கச் சொன்னா, அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாத பட்சத்துல அது உங்களுக்குத் தேவையில்லாதது. அந்தக் காசை வச்சு அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. அம்மாவுக்கோ அக்காவுக்கோ சின்ன வயசுலயே வந்திருந்தா, இல்ல குடும்பத்துல சினைப்பைப் புற்றுநோயும் இருந்தா கதை வேற. அப்போ மரபணு ஆலோசனை பத்தி டாக்டர்கிட்ட பேசணும், பரிசோதனையையும் சீக்கிரமே ஆரம்பிப்பாங்க. மத்தபடி உங்க மார்பகம் சாதாரணமா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதும். புதுசா ஒரு கட்டி வந்து, அடுத்த பீரியட்ஸ் முடிஞ்ச பிறகும் போகலைன்னா, வலி இருக்கோ இல்லையோ, காட்டுங்க. காம்பு உள்ள இழுத்தாலோ, ரத்தம் கசிஞ்சாலோ, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆனாலோ அடுத்த பீரியட்ஸுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

அம்மாவோட ரிப்போர்ட் கையில வந்தா, கடைசியில பை-ராட்ஸ்னு ஒரு எண் இருக்கும். இதை மட்டும் நல்லா கேட்டுக்கோங்க. 1, 2 வந்தா பிரச்சினை இல்ல. 3 வந்தா பெரும்பாலும் பயமில்லை, ஆனா ஆறு மாசத்துல திரும்பப் பார்க்கணும். 4, 5 வந்தா பயாப்சி. 6 ஏற்கெனவே உறுதியானவங்களுக்கு. இதுல ஆளை ஏமாத்துற எண் 0. பூஜ்ஜியம்னா ஒண்ணும் இல்லைன்னு நினைச்சு ஃபைலை பீரோவுல வச்சுடாதீங்க. 0-ன்னா "இந்தப் படத்தை வச்சு முடிவு சொல்ல முடியலை, இன்னும் படம் எடுக்கணும்"னு அர்த்தம். அதே ரிப்போர்ட்ல அடர்த்தி பத்தி ஏ, பி, சி, டி-ன்னு ஒரு எழுத்தும் இருக்கலாம். சி, டி-ன்னா அடர்த்தி அதிகம். "அல்ட்ராசவுண்டும் பார்க்கணுமா டாக்டர்?"னு கேட்குறதுக்கு அதுதான் இடம். எழுத்து போடலைன்னா, போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்க.

பயாப்சி பத்தி ஒரு வார்த்தை. ஊசி குத்தினா பரவும்னு பயந்து தள்ளிப் போடுறாங்கல்ல, அந்தத் தள்ளிப் போடுற நாள்லதான் அது வளருது. இன்னொரு பக்கம், "சின்னக் கட்டிதான், எடுத்துப் போட்டுடலாம்"னு சோதனை எதுவும் பண்ணாம நேரா கத்தி வைக்கிற இடத்துல, "முதல்ல ஊசியில கோர் பயாப்சி எடுத்துப் பார்க்கலாமா?"ன்னு தயங்காம கேளுங்க. புற்றா இல்லையான்னே தெரியாம வெட்டி எடுத்துட்டா, பின்னாடி வர்ற சிகிச்சையைத் திட்டமிடுறது டாக்டருக்கே கஷ்டம். எடுத்த பிறகு ஸ்லைடு, பிளாக், படம், எல்லா சீட்டும் ஒரே ஃபைல்ல. வேற ஆஸ்பத்திரிக்குப் போனா முதல்ல கேட்குறது அதைத்தான்.

அப்புறம் அந்த ஃபைலோட முதல் பக்கத்துல, கட்டி தெரிஞ்சு முதல் தடவை காட்டின தேதியைப் பெரிய எழுத்துல எழுதி வைங்க. அதுல இருந்து நாளை எண்ணுங்க. முப்பது, நாற்பதுன்னு ஆகிட்டே போகுது, இன்னும் பதில் வரலைன்னா, அந்தப் பக்கத்தை டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்க.

இந்த எபிசோடை வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க, பெரியப்பா குட்மார்னிங் மெசேஜுக்குக் கீழேயே போகட்டும். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த வாரம் ஒரு புற்றுநோய் மருத்துவரை உட்கார வச்சுக் கேட்டுடலாம். வர்றேன்.